போன்கள் பயணம் செய்த பேருந்து

பெக்சொல் வட்டத்தில் மாடுகளின் எண்ணிக்கை மனிதர்களின் எண்ணிக்கையைத் தாண்டிய வருடத்தில், போங் தேசுன் கால்நடைப் பிரிவிலிருந்து விளம்பரப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அவர் கேட்டு வாங்கிய மாற்றல் அல்ல. இருபது வருடமாக மாடுகளுக்கு ஊசி போட்டு, காதில் எண் பட்டை மாட்டி, சாணி ஒட்டிய பூட்ஸைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். உத்தரவைப் படித்தபோது வேறு யாருக்கோ வந்தது என்று நினைத்து உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பெயர்தான்.

விளம்பரப் பிரிவின் தலைவி தாக் மிரான், காகிதக் கோப்பையில் காபிப் பொடியைக் கலக்கியபடி அவரை வரவேற்றாள்.

"மேடம், எனக்கு வீடியோ எடுக்கவே தெரியாதே" என்றார் தேசுன்.

"எடுக்கறதுக்கு ஆள் இருக்கு, போங் அண்ணே. பாக்கறதுக்குத்தான் ஆள் இல்ல."

உண்மைதான். எங்கள் வட்ட அலுவலகத்துக்கு ஒரு சேனல் இருந்தது. அதில் இருநூற்றுச் சொச்சம் வீடியோக்கள் இருந்தன. வட்டத் தலைவர் குக் சாங்மோ நாடா வெட்டுவது, வட்டத் தலைவர் வெங்காய வயலில் நின்று வெங்காயத்தைப் பாராட்டுவது, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் மூன்றாம் தொட்டி, இப்படி. எல்லாவற்றிலும் அதிகம் பார்க்கப்பட்டது தலைவரின் புத்தாண்டு வாழ்த்து. அதை நாற்பத்தோரு பேர் பார்த்திருந்தார்கள். அதில் பெரும்பகுதி தலைவரின் அக்கா.

இதெல்லாம் யாரையும் உறுத்தாமல் இருந்தது, பக்கத்து வட்டத்து அலுவலர் ஒருவன் முள்ளங்கி வேஷம் போட்டுக்கொண்டு படிக்கட்டில் உருண்டு விழும்வரை. அந்த வீடியோவைக் கோடிக்கணக்கானோர் பார்த்ததாகச் சொன்னார்கள். மாகாண ஆளுநர் எல்லா வட்டத் தலைவர்களையும் கூட்டி வைத்து, மக்களைச் சென்றடைவது எப்படி என்று அந்த முள்ளங்கியைக் காட்டிக் கேட்டார். எல்லோரும் கைதட்ட வேண்டியிருந்தது. எங்கள் தலைவர் திரும்பி வந்தபோது உள்ளங்கை சிவந்திருந்தது. மறுநாள் காலை அரங்கத்தில் ஊழியர்கள் அனைவரையும் கூட்டினார்.

"அவன் விழுந்து ஜெயிச்சான்" என்றார் தலைவர். "நாம விழாமலே ஜெயிக்கணும். கண்ணியமா. வாழ்த்துச் செய்தி வீடியோ இருக்கு இல்லையா, அதுக்கு ஒரு கோடி வியூஸ். இந்த வருஷத்துக்குள்ள."

வரிப்பிரிவிலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: "ஐயா, நம்ம வட்டத்துல மொத்தமே இருபதாயிரம் பேர்தான்."

"அப்ப ஒரு ஆளுக்கு ஐந்நூறு தடவை. இது ஒரு பெரிய விஷயமா? நான் கண்ணாடில என்னை அதுக்கு மேலயே பாத்திருக்கேன். அலுக்கவே இல்லையே."

அன்றிலிருந்து அலுவலகத்தில் ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் ஒரு போன் ஓடியது. வேலை நேரம் முழுக்க வாழ்த்துச் செய்தி. யாரும் ஒரே நொடியில் ஆரம்பிக்காததால், 'அன்பார்ந்த பெக்சொல் மக்களே' என்ற குரல் தரைத்தளத்தில் தொடங்கி மூன்றாம் மாடி வரை அலையலையாகப் போய், அங்கிருந்து திரும்பி வந்தது. குழந்தை பிறந்ததைப் பதிவு செய்ய வருகிறவர்கள் முதலில் தலைவரைப் பார்த்துவிட்டுத்தான் முத்திரை வாங்க முடிந்தது. இறப்பைப் பதிவு செய்ய வருகிறவர்களுக்கும் அதேதான். ஆனால் அவர்களுக்குச் சத்தத்தைக் குறைத்து வைக்கலாம் என்று ஒரு சலுகை இருந்தது. தொலைபேசியில் யார் எதைக் கேட்டாலும், "உங்க கேள்விக்குப் பதில் நம்ம சேனல்லயே இருக்கு, முழுசாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும்.

இவ்வளவு செய்தும் எண் நொண்டியது. தாக் மிரானைச் சியோலுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவள் புதுக் கண்ணாடியும் புதுச் சொல்லுமாகத் திரும்பி வந்தாள். அந்தச் சொல் 'வாட்ச் டைம்'.

"திறந்து மூடினா அது கணக்குல வராது" என்று அவள் விளக்கினாள். "கடைசி வரைக்கும் பாக்கணும். எவ்வளவு நேரம் பாக்கறாங்களோ அவ்வளவு நேரத்துக்குத்தான் மதிப்பு."

வாழ்த்துச் செய்தி நாற்பது நிமிடம். சோதனைக்காக வரிப்பிரிவில் ஒரு பையனை உட்கார வைத்தார்கள். அவன் கால்வாசியில் எழுந்து, தனக்கு இரண்டு நாள் விடுப்பு வேண்டும் என்றான்.

"மனுஷங்களால முடியாது" என்று தாக் மிரான் முடிவாகச் சொன்னாள். "போன்களால முடியும்."

அப்படித்தான் ஊரெங்கும் சந்திகளில் பதாகை தொங்கியது: 'மேஜை டிராயரில் தூங்கும் பார்வையாளரை எழுப்புவோம்.' பழைய போன் வைத்திருப்பவர்கள் கொடுத்து உதவ வேண்டும். மக்கள் கொடுத்தார்கள். கண்ணாடி விரிசல் விட்டவை, பேரன் கடித்தவை, முன்னாள் காதலியின் படம் அழியாமல் இருந்தவை. இரண்டாயிரத்துக்கும் மேல் சேர்ந்துவிட்டது. அவற்றை வைக்க அலுவலகத்தில் இடமில்லை. காலியாகக் கிடந்த மாட்டு நோய்த்தடுப்புக் கொட்டகைதான் பொருத்தம் என்று முடிவாயிற்று. கொட்டகை என்றதும் எல்லோருக்கும் ஒரே ஆள் ஞாபகத்துக்கு வந்தார்.

"நாலாயிரம் மாட்ட வச்சு சமாளிச்சவர் நீங்க" என்றாள் தாக் மிரான். "இது பாதிதான். சாணியும் போடாது."

தேசுன் தனக்குத் தெரிந்தபடி செய்தார். ஒவ்வொரு போனுக்கும் மஞ்சள் எண் பட்டை ஒட்டினார். தீவனத் தொட்டிகளில் வரிசையாகச் சாய்த்து வைத்தார். காலையில் போய் விளக்கைப் போட்டால் இரண்டாயிரம் தலைவர்கள் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். முதல் வாரம் அவர் தலைகுனிந்து வணங்கிவிட்டுத்தான் உள்ளே போனார். எந்தப் போன் சூடாகிறது, எது சார்ஜ் ஏறாமல் சோர்ந்து கிடக்கிறது என்று பார்த்து, மோசமானதைத் தனியே ஒதுக்கினார். கொட்டகை கதகதப்பாக இருந்ததால் ஊர்ப் பூனைகள் அத்தனையும் வந்து தலைவரின் முகத்தின் மேல் சுருண்டு படுத்தன.

எண் ஏறியது. பத்து லட்சம், பதினைந்து லட்சம். தலைவர் அறையில் ஒரு திரை வைத்து எண்ணைப் பார்த்துக்கொண்டே மதிய உணவு சாப்பிட்டார். பிறகு ஒரு நாள் எண் அப்படியே நின்றது.

தாக் மிரான் மறுபடி எல்லோரையும் கூட்டினாள். வீடியோ கம்பெனியின் இயந்திரத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எல்லாப் பார்வையாளர்களும் ஒரே கொட்டகையில் இருக்கிறார்கள், எழுந்து போவதில்லை, சிறுநீர் கழிப்பதில்லை, எதுவும் பேசுவதில்லை.

"நம்ம போனுங்க மனுஷங்க மாதிரி நடந்துக்கணும்" என்றாள். "அப்பப்ப நிறுத்தணும். கருத்து எழுதணும். சில பேரு பாதிலயே விட்டுட்டுப் போகணும், அப்பத்தான் இயற்கையா இருக்கும்."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் பேச்சைப் பாதில விட்டுட்டுப் போற மனுஷன் இருக்கானா?"

வரிப்பிரிவுப் பையன் தன் காலணியைப் பார்த்தான். கடைசியில், போன்கள் நடுவில் மூன்று நிமிடம் நிறுத்தலாம், ஆனால் கட்டாயம் திரும்பி வரவேண்டும் என்று தீர்மானமாயிற்று. கருத்து எழுத ஒரு மென்பொருள் வாங்கினார்கள். அது கழிவுநீர் மூன்றாம் தொட்டிக்குக் கீழே, 'பார்த்ததும் கண்ணீர் வந்துவிட்டது, அம்மாவின் ஞாபகம்' என்று நூற்றுக்கணக்கில் எழுதித் தள்ளியது.

மிச்சமிருந்தது ஒன்றுதான். பார்வையாளர்கள் ஊர் சுற்ற வேண்டும்.

"வண்டிக்கு எங்க போறது?" என்றார் தலைவர். "ஜாட்கோல் பள்ளத்தாக்குக்குப் போற பஸ்ல தினம் எத்தனை பேர் ஏறறாங்க?"

"ஆறேழு பேர், ஐயா."

"ஆறேழு பேருக்கு ஒரு முழு பஸ். ரெண்டாயிரம் பார்வையாளர்களுக்கு ஒண்ணும் கிடையாது." தலைவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "இதுவா சமத்துவம்? நான் சின்னக் குடும்பத்துலேருந்து வந்தவன். எனக்கு இது பொறுக்காது."

மறுநாளிலிருந்து ஜாட்கோல் பேருந்தில் போன்கள் போயின. இருக்கைக்கு ஐம்பது என்று பெட்டிகளில் அடுக்கி, வளைவில் சாயாமலிருக்கப் பெல்ட் போட்டுக் கட்டினார்கள். ஓட்டுநர் அதே ஓட்டுநர்தான். தேசுன் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஆற்றங்கரை, சந்தை, அணைக்கட்டு என்று சுற்றிவிட்டு, பள்ளத்தாக்குக்குள்ளும் ஒரு சுற்று. ஆள் ஏற்றக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

முதல் நாளே ஜாட்கோல் நிறுத்தத்தில் ஒரு பெண் கையை நீட்டி நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அறுபது தாண்டிய உருவம், மலையேறுகிறவர்கள் போடும் ஊதா நிறச் சட்டை, கையில் துணியால் சுற்றிய தூக்குப் பாத்திரம். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் தேசுனைப் பார்த்தார்.

"என்னண்ணே செய்யட்டும்?"

"ஏத்தக் கூடாதுன்னு உத்தரவு இருக்கே" என்றார் தேசுன்.

பேருந்து அவளை மெல்லக் கடந்து போனது. அவள் ஒவ்வொரு சன்னலாகப் பார்த்தாள். ஒவ்வொரு இருக்கையிலும் வட்டத் தலைவர் பெல்ட் போட்டுக்கொண்டு, வாயை அசைத்தபடி அவளுக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக்கொண்டே போனார். கடைசிச் சன்னலில் தேசுன் இருந்தார். அவர் பார்வையைத் தூக்குப் பாத்திரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் பெயர் மா கும்ரே. அவள் கணவர் பேரிக்காய் மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஊர் மருத்துவமனையில் படுத்திருந்தார். மருத்துவமனைச் சாப்பாடு அவருக்குத் தொண்டைக்குள் இறங்காது. மதியத்துக்குள் கும்ரே சோயா விழுதுக் குழம்பும் சோறும் கொண்டு போய்விட வேண்டும். பேருந்து இல்லாததால் மலையடிவாரம் வரை நடந்து, வெங்காய லாரி ஏதாவது வந்தால் கையைக் காட்டி ஏறிப் போனாள். சில நாள் லாரி வரவில்லை. அந்த நாட்களில் அவர் சாப்பிடவில்லை.

அவள் அலுவலகத்துக்குப் போன் செய்து, பேருந்து எப்போது வரும் என்று கேட்டாள். "உங்க கேள்விக்குப் பதில் நம்ம சேனல்லயே இருக்கு, முழுசாப் பாருங்க" என்றார்கள். கும்ரே சொன்னதைச் செய்கிறவள். கணவரின் கட்டிலருகில் உட்கார்ந்து, சேனலை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். நாடா வெட்டுவதைப் பார்த்தாள். வெங்காயத்தைப் பார்த்தாள். மூன்றாம் தொட்டியைப் பார்த்தாள். எதிலும் பேருந்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அதனால் ஒவ்வொன்றின் கீழும், 'ஜாட்கோல் பஸ் எப்ப வரும்?' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

விளம்பரப் பிரிவில் அபாய மணி அடித்தது போலாயிற்று.

"இது மெஷின்" என்றாள் தாக் மிரான். திரையைப் பேனாவால் தட்டிக் காட்டினாள். "எல்லா வீடியோவையும் பாத்திருக்கு. ஒரு இடத்துல கூடத் தாவல. மூணாம் தொட்டிய கடைசி வரைக்கும் பாத்திருக்கு. அழல, புகழல, லைக் போடல. எல்லாத்துக்கும் கீழ ஒரே வரி. மனுஷங்க இப்படிச் செய்வாங்களா? பக்கத்து வட்டத்துக்காரன் விட்ட மெஷின்தான். இத கம்பெனி கண்டுபிடிச்சா, நம்ம நேர்மையான போன்களையும் சேத்து சந்தேகப்படும்."

கணக்கில் ஊர்ப் பெயர் இருந்ததால் ஆளைத் தேடிப்பிடித்து அழைத்து வருமாறு தேசுனை அனுப்பினார்கள். அவர் மாடு ஏற்றும் தன் பழைய டிரக்கை எடுத்துக்கொண்டு ஜாட்கோலுக்குப் போனார். கும்ரே கதவைத் திறந்து ஒரு நொடி உற்றுப் பார்த்தாள்.

"போனுக்கெல்லாம் பெல்ட் போட்டுட்டு உக்காந்திருந்தீங்களே, அவர்தானே நீங்க?"

"ஆமாங்கக்கா."

"எனக்கு ஒரு சந்தேகம். அதுங்களுக்கு மயக்கம் வருமா வளைவுல?"

"இதுவரைக்கும் வரல."

"எனக்கு வரும். அப்படியும் என்னை ஏத்தல."

தேசுன் வந்த காரியத்தைச் சொன்னார். "அலுவலகத்துல ஒரு விசாரணை, அக்கா. நீங்க மனுஷியான்னு கேக்கணுமாம்."

"கேக்கட்டும். போற வழில ஆஸ்பத்திரில இந்தக் குழம்ப குடுத்துட்டுப் போயிரலாம், ஆறிடும்."

"விசாரணை முதல்ல அக்கா" என்றார். பிறகு கொஞ்ச தூரம் போனதும் வண்டியை மருத்துவமனைப் பக்கமே திருப்பினார்.

கணவர் தலையணையில் சாய்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு இவரு?" என்றார்.

"பஸ் கண்டக்டர்" என்றாள் கும்ரே. "ஆனா பஸ்ல ஏத்த மாட்டார்."

அவர் சிரித்தார், இடுப்பு வலித்தது, வலித்தாலும் சிரித்தார். பாத்திரத்தைத் திறந்ததும் மூக்கை உள்ளே விடுவது போலக் குனிந்து, பேச்சே இல்லாமல் சாப்பிட்டார். தேசுன் சன்னலோரமாக நின்று பார்த்தார். நோய்வாய்ப்பட்ட மாடு மறுபடி தீனி எடுக்கும்போது அவருக்கு எப்போதும் உள்ளே ஒன்று இளகும். இப்போதும் இளகியது.

விசாரணை இரண்டாம் மாடியில் நடந்தது. கும்ரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க நிஜமாவே எல்லாத்தையும் முழுசாப் பாத்தீங்களா?" என்றாள் தாக் மிரான்.

"நீங்கதானே முழுசாப் பாருங்கன்னு சொன்னீங்க?"

"சொன்னோம். அது எல்லாருக்கும் சொல்றது. யாரும் செய்ய மாட்டாங்கன்னுதான் சொல்றது."

அதற்குள் செய்தி கேட்டு வட்டத் தலைவரே வந்துவிட்டார். ஒரு அசல் பார்வையாளரை அவர் நேரில் பார்ப்பது அதுவே முதல் முறை. எதிரில் உட்கார்ந்து, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டார்: "அம்மா, எது உங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது?"

கும்ரே யோசித்தாள். "அந்தக் கழிவுநீர்த் தொட்டி பரவால்லங்க. அதுல நீங்க கம்மியா வர்றீங்க."

தலைவர் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு முடிவை அறிவித்தார். இந்த அம்மா மனுஷிதான் என்று அலுவலகம் ஏற்கிறது. ஆனால் எண் மறுபடி நகர்ந்து ஒரு கோடியை நோக்கிப் போகிற நேரத்தில் மனிதர்கள் நடுவில் புகுந்தால் ஒழுங்கு கெடும். ஆகவே விழா முடியும்வரை அவர் சேனலைப் பார்க்காமல் இருந்து ஒத்துழைக்க வேண்டும்.

"பஸ்ஸு?" என்றாள் கும்ரே.

"ஒரு கோடி ஆகட்டும், அம்மா. அடுத்த நாளே பஸ்ஸு உங்களுக்குத்தான்."

அன்று முதல் தேசுன் வேறு ஆளாகிவிட்டார். அதுவரை சம்பளத்துக்காகப் போன் மேய்த்தவர், இப்போது பேருந்துக்காக மேய்த்தார். கேட்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும்: பேருந்தை மனிதர்களுக்கு வாங்கித் தருவதற்காக, அதே பேருந்தில் போன்களை இன்னும் அதிகமாக ஏற்றினார். சோர்ந்து கிடந்தவற்றைப் பேட்டரி மாற்றித் தேற்றினார். அம்மாக்களின் சங்கத்தில் போய் இன்னும் முந்நூறு போன் திரட்டினார். அணைக்கட்டில் இறக்கி வைத்து, காற்று வாங்கவிட்டு, மறுபடி ஏற்றினார். காலையில் தன் டிரக்கில் கும்ரேவை மருத்துவமனையில் விட்டுவிட்டுத்தான் கொட்டகைக்கு வருவார். எண் எழுபது லட்சம், எண்பது லட்சம் என்று ஏறியது. தாக் மிரான் அவரைச் சிறந்த ஊழியராகப் பரிந்துரைத்தாள்.

தொண்ணூற்றொன்பது லட்சத்தைத் தொட்டதும் விழாவுக்கு நாள் குறித்தார்கள். அலுவலக முற்றத்தில் சுவர் உயரத்துக்கு ஒரு திரை. பள்ளி மாணவர்களின் வாத்தியக் குழு. வெட்டுவதற்கு நீளமான அரிசிக் கேக். மாகாண ஆளுநர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மற்ற வட்டத் தலைவர்களும் வந்து, கைதட்டுவதற்குத் தயாராக, விழாவுக்கென்று போட்ட வெள்ளைக் கையுறைகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். வாழ்த்துச் செய்தியின் எண் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. கோடிக்கு இன்னும் சில ஆயிரம்தான். தலைவர் திரைக்கு முதுகைக் காட்டி நின்று பேச ஆரம்பித்தார்.

"இந்த எண் பொய் சொல்லாது" என்றார். "இது பெக்சொல் மக்களோட மனசு."

அப்போது எண் குறைய ஆரம்பித்தது. முதலில் கண்ணில் படாதபடி, ஒரு தயக்கத்தோடு. பிறகு லட்சம் லட்சமாக. அன்று காலைதான் வீடியோ கம்பெனி தன் இயந்திரத்தை நாடு முழுக்க ஏவிவிட்டு, போலிப் பார்வைகளைத் துடைத்துக்கொண்டிருந்தது என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கூட்டம் மூச்சை உள்ளிழுத்தது. அது வியப்பு என்று நினைத்த தலைவருக்கு உற்சாகம் வந்தது.

"ஆமா, அசந்து போவீங்க. நானும் அசந்தேன். ஒவ்வொரு பார்வைக்குப் பின்னாலயும் ஒரு உயிர் இருக்கு."

முப்பது லட்சம். நான்கு லட்சம்.

"இவங்கள யாரும் எங்ககிட்டேருந்து பிரிக்க முடியாது."

எண்ணாயிரம். நூற்றுப் பத்து. தலைவரின் அக்கா கூட்டத்தில் எழுந்து நின்று கையை ஆட்டினாள். அலுவலக மேஜைக்கடியில் ஓடியவை போயின. அக்காவுடையதும் போனது, அவளும் அதை ஓடவிட்டுவிட்டுச் சமைக்கப் போகிறவள்தான். கடைசியில் எண் நின்றது. வாத்தியக் குழுவில் முரசு வாசிக்கும் சிறுமி, ஒரு கோடி ஆனதும் அடிக்கச் சொல்லியிருந்ததால், எண் நின்றுவிட்டதைப் பார்த்து ஒரு அடி அடித்தாள்.

தலைவர் திரும்பிப் பார்த்தார். திரையில் 1 என்று இருந்தது.

ஆளுநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஒண்ணா?"

எங்கள் தலைவரைப் பற்றி எவ்வளவோ சொல்லலாம்; ஆனால் அந்த இடத்தில் அவர் தடுமாறவில்லை. "ஒண்ணுதான் ஐயா" என்றார். "ஆனா அசல்."

அதே நேரத்தில் ஆளுநரின் செயலாளர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். மாகாணத்தின் சேனலும் துடைக்கப்பட்டிருந்தது. அங்கே பூஜ்யம். மற்ற வட்டத் தலைவர்கள் தங்கள் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். முள்ளங்கி உருண்டதற்கும் பூஜ்யம். ஆளுநர் நீண்ட நேரம் யோசித்தார். பிறகு எழுந்து, மாகாணத்திலேயே முதலிடம் பெற்ற பெக்சொல் வட்டத்தை வாழ்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். கேக் வெட்டப்பட்டது.

மறுநாள் காலை தலைவர், தாக் மிரான், பின்னால் ஒரு புகைப்படக்காரர் என்று ஜாட்கோலுக்குப் போய், பெரிய பேரிக்காய்ப் பெட்டி ஒன்றைக் கும்ரேவின் வாசலில் வைத்தார்கள். மரத்திலிருந்து விழுந்த கணவரை நினைத்து அவள் அந்தப் பெட்டியை உள்ளே எடுக்கவில்லை.

"அம்மா, உங்கள மாதிரி ஒருத்தர இந்த மாகாணத்துலயே பாக்க முடியாது" என்றார் தலைவர். "உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

"அதைத்தான் இருநூறு தடவை எழுதியிருந்தேனே."

பேருந்து அடுத்த நாளே வந்தது. இருக்கைகளிலிருந்து போன்களைக் கழற்றிவிட்டார்கள். பெல்ட்டுகளை அப்படியே விட்டிருந்தார்கள். ஜாட்கோல்காரர்கள் ஆறேழு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். கும்ரே சூடு ஆறாத குழம்போடு மதியத்துக்கு வெகு முன்பே மருத்துவமனைக்குப் போய்விட்டாள். அவள் கணவர் சாப்பிட்டார், கொஞ்சம் எழுந்து நின்றார், ஊன்றுகோலோடு நடைகூடத்தின் முனைவரை போய்வந்தார்.

அவள் மறுபடி சேனல் பக்கமே போகவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டதே.

தலைவர் அந்த வாரம் வெளியிட்ட புது வீடியோவின் பெயர் 'ஒரு பார்வையாளருக்கு நன்றி'. எண் பூஜ்யம். அதற்கடுத்ததும் பூஜ்யம். தாக் மிரான் கூட்டத்தில் எழுந்து தெளிவாகச் சொன்னாள்: "பஸ் விட்டதுக்கப்புறம் நம்ம பார்வை நூறு சதவீதம் விழுந்திருக்கு. பஸ்ஸுதான் காரணம்னு எண்ணே சொல்லுது."

"அப்ப பஸ்ஸ நிறுத்திப் பாப்போமா?" என்றார் தலைவர். "ஒரு சோதனையா. அந்தம்மாவுக்கு மறுபடி சந்தேகம் வந்தா மறுபடி பாப்பாங்க. மக்களுக்குக் கேள்வி இருந்தாத்தான் அரசாங்கத்துக்கு உறவு இருக்கும்."

எல்லோரும் ஆமோதித்தார்கள். பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. தேசுன் எழுந்து நின்றார். இருபது வருடத்தில் அவர் கூட்டத்தில் பேசியதே இல்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. பஸ்ஸுல போறப்ப பாக்க ஒரு ஆள் இருக்கு. பஸ் ஓடினாத்தான் பாக்க முடியும்னு சொல்லுது. நாளைலேர்ந்து எண்ணைப் பாருங்க."

"அசல் ஆளா?" என்றார் தலைவர்.

"அசல்தான், ஐயா."

மறுநாள் காலை புது வீடியோவின் எண் 1 என்று காட்டியது. அதற்கடுத்து வந்ததற்கும் 1. முதலிலிருந்து கடைசி வரை, ஒரு இடத்திலும் தாவாமல். தலைவர் அறையில் அந்தத் திரையைப் பார்த்தபடி மதிய உணவைச் சாப்பிட்டுவிட்டு, "பாத்தியா, மக்கள் நம்ம கூடத்தான் இருக்காங்க" என்று தாக் மிரானிடம் சொன்னார். பேருந்தை நிறுத்தும் பேச்சு பிறகு எழவில்லை.

தேசுன் இப்போது கால்நடைப் பிரிவுக்கே திரும்பிவிட்டார். ஆனால் தினமும் காலையில் டிரக்கை எடுக்காமல், மேலே போகும் பேருந்திலேயே ஜாட்கோல் வரை போய், அதே பேருந்தில்தான் வேலைக்குத் திரும்பி வருகிறார். கும்ரே வழக்கமாக அவருக்குப் பக்கத்தில் உட்காருவாள். மடியில் குழம்புப் பாத்திரம். சட்டைப்பையில் வேகவைத்த முட்டை. ஒரு நாள் நான் அவர்களுக்குப் பின் இருக்கையில் இருந்தேன். தேசுன் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு, நெற்றி வியர்க்க, தலைவர் உரக்கிடங்கைத் திறந்து வைத்துப் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து வளைவில் திரும்பியது. சன்னலுக்கு வெளியே மலை முழுக்க இலை சிவந்திருந்தது. அவர் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பப் போனது.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றாள் கும்ரே.

"பாதிதான் அக்கா ஆகியிருக்கு."

அவள் முட்டையை உரித்து, உப்பில் தொட்டு, அவர் வாயில் வைத்தாள்.

"தின்னுங்க. ஆனா கண்ண எடுக்காதீங்க, பஸ் நின்னுடும்."